வகுப்பு தொடங்காதவர்கள்

உதவித்தொகை அலுவலகத்தின் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ‘வகுப்பு தொடங்குவதற்கு முன் விண்ணப்பிக்கவும்.’ அவ்வளவுதான். நான் பலகைகளை நம்புகிறவள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான். நம்பாவிட்டால் திறக்கக் கூடாத கதவையெல்லாம் திறந்துவிடுவோம். முன் என்றால் முன்தானே என்று, கல்லூரியில் இடம் கிடைப்பதற்கும் முன்னாலேயே போய் வரிசையில் நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“எந்தக் காலேஜ்?”

“நர்சிங் காலேஜுங்க. இன்னும் இடம் கிடைக்கல.”

“இடமே கிடைக்கல, அதுக்குள்ள எதுக்கு வந்தீங்க?”

“முன்னாடியே வரணும்னு வெளிய எழுதிப் போட்டிருக்குதுங்களே.”

“முன்னாடின்னா அதுக்கு ஒரு அளவு வேண்டாமா? விட்டா பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே வந்து நிப்பீங்க போலிருக்கு.”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர் நகைச்சுவையாக ஏதாவது சொன்னால் வெளியே நிற்பவர் சிரிக்க வேண்டும் என்பது எந்தப் பலகையிலும் எழுதாத விதி. அதை மட்டும் யாரும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை.

நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறேன். விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாகக் கீழே வரும். யார் படுத்திருந்தது என்று தெரியாது. கறையைப் பார்த்தால் என்ன நடந்தது என்பது பாதி தெரியும். மீதிப் பாதி மாடியில் இருக்கிறது. வருஷக்கணக்காகப் பாதி தெரிந்தே வேலை பார்த்ததில் ஒரு நாள் எனக்கு அலுத்துவிட்டது. நர்சிங் படிக்கலாம் என்று தோன்றியது. முப்பத்தைந்து வயது வரைதான் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வயது இந்த வருஷத்தோடு முடிகிறது. கட்டணமோ, என் சம்பளத்தையும் கணவர் சம்பளத்தையும் சேர்த்துப் பிழிந்தாலும் கட்டி முடியாது. ஆக, இந்த வருஷம், இந்த உதவித்தொகை. இரண்டில் எது தவறினாலும் ஆயுசுக்கும் மூட்டைதான்.

நுழைவுத் தேர்வு எழுதி இடம் வாங்கினேன். கல்லூரிக் கடிதத்தோடு மறுபடி போனேன்.

“இப்ப வந்தது சரியா இருக்குங்களா?”

“இது சரி. ஆனா விண்ணப்பம் இப்ப கொடுக்க மாட்டோம். வகுப்பு தொடங்குற அன்னிக்குக் காலைல பத்து மணிக்குக் கொடுப்போம்.”

“வகுப்பு ஒன்பது மணிக்கே தொடங்கிடுமேங்க.”

“அது காலேஜோட நேரம்.”

“அப்ப வகுப்புக்கு முன்னாடி எப்படிங்க கொடுக்கிறது?”

அவர் பேனாவை மூடி வைத்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டும் நிதானத்தோடு சொன்னார்: “இங்க பாருங்கம்மா. வகுப்பு தொடங்கினாத்தானே அதுக்கு முன்னாடி எதுன்னு எங்களுக்குத் தெரியும்? ஒருவேளை தொடங்காமலே போயிடுச்சுன்னா? எதுக்கு முன்னாடி கொடுத்தோம்னு ஃபைல்ல எழுதுறது?”

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸில் வரும்போதுதான் எங்கேயோ இடித்தது.

என் கணவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர். எதையும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உண்டு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்பாங்களே, அந்தக் கதையா இருக்கு” என்றார். “நீ மறுபடி போய் அந்த அம்மாகிட்டயே கேளு. இப்படி ஒண்ணைச் சிக்கலாக்கி வெச்சிருக்கவங்க அதுக்கு ஒரு குறுக்கு வழியும் வெச்சிருப்பாங்க.”

வெச்சிருந்தார்கள். கவுன்ட்டர் அம்மாள் இடப்பக்கம் வலப்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ரகசியமாகச் சொன்னார்.

“காலேஜ் தொடங்கட்டும். நீங்க தொடங்காதீங்க.”

வகுப்பறைக்கு வெளியே, கதவை ஒட்டினாற்போல ஒரு நீள பெஞ்ச் கிடந்தது. நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. வருஷா வருஷம் யார் யாரோ தொடங்காமல் உட்கார்ந்து தேய்த்தது. முதல் நாள் பத்து மணிக்கு விண்ணப்பத்தை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, நான் கதவுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றதைப் பார்த்து, பாடம் எடுக்கும் மிஸ் “உதவித்தொகையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “பெஞ்ச்” என்று கையைக் காட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

பெஞ்சில் எனக்கு முன்னாலேயே இரண்டு பேர் தொடங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்தவள். அவளுக்கு ரொட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. இன்னொருவன் சாவி செய்து கொடுக்கும் கடைக்காரரின் மகன். அவனைப் பூட்டு என்று கூப்பிட்டோம். இருவரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்கள், என்னை அக்கா என்றார்கள்.

விதி இதுதான். உதவித்தொகை கையெழுத்தாகும் வரை எங்களுக்கு வகுப்பு தொடங்கக் கூடாது. உள்ளே கால் வைக்கக் கூடாது. எழுதக் கூடாது. காதில் விழுந்தால் பரவாயில்லை. “காது உங்களுது, அதுல நாங்க தலையிட மாட்டோம்” என்று கவுன்ட்டர் அம்மாள் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார். “மண்டைக்குள்ள ஏறக் கூடாது, அவ்வளவுதான்.” ஏறியிருக்கிறதா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து மூன்று முறை பரிசோதகர் வருவார். எங்களில் யாருக்காவது பாடத்தில் ஏதாவது தெரிந்திருந்தால், அவருக்கு வகுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தொடங்கிவிட்டால், விண்ணப்பம் தொடங்கிய பின் கொடுத்ததாகிவிடும். தொடங்கிய பின் கொடுத்த விண்ணப்பம் செல்லாது.

கல்லூரிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. அவர்களுக்கு வேண்டியது வருகைப்பதிவு மட்டும்தான். மிஸ் கடைசியில் எங்கள் பெயர்களைக் கூப்பிடுவார். உள்ளே இருப்பவர்கள் “இருக்கேன் மிஸ்” என்பார்கள். நாங்கள் “வெளிய இருக்கேன் மிஸ்” என்போம். அந்தப் பதிலுக்கென்று பதிவேட்டில் ஒரு தனிக் கட்டமே இருந்தது.

முதல் முறை வந்தபோது பரிசோதகரைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, தோளில் சாப்பாட்டுப் பை, கையில் ஃப்ளாஸ்க். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தான் உட்கார்ந்தார். கைகளை நீட்டச் சொல்லி விரல்களில் மை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார்.

“நான் உங்களுக்கு எதிரி இல்ல. உங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கேன். உங்ககிட்ட வீடு வாசல் கிடையாது, நிலம் கிடையாது. உங்ககிட்ட இருக்கிற ஒரே சொத்து ஒண்ணும் தெரியாததுதான். அதை நம்பித்தான் அரசாங்கம் உங்களுக்குக் காசு கொடுக்குது. அவசரப்பட்டு அதைச் செலவழிச்சிடாதீங்க. எத்தனை பேரை நான் பாத்திருக்கேன், நல்ல பிள்ளைங்க, ரெண்டாவது வாரமே ஆசைப்பட்டு எதையாவது கத்துக்கிட்டுக் கெட்டுப் போயிடுறாங்க.”

சட்டைப் பையிலிருந்து கேள்விக் கார்டுகளை எடுத்தார். முதல் கேள்வி ரொட்டிக்கு.

“மனுஷனுக்கு இதயம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“பரவாயில்ல, அது பொதுமக்களுக்கும் தெரியும். எந்தப் பக்கம்?”

“இடது பக்கம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்படித் தெரியும்?”

ரொட்டி நெஞ்சில் கை வைத்தாள். “துடிக்குது சார்” என்றாள்.

“துடிக்கட்டும். துடிக்கிற பக்கமெல்லாம் கவனிச்சிட்டு இருந்தா எப்படி உதவித்தொகை வாங்குறது? இருக்குன்னு தெரிஞ்சா போதும். எந்தப் பக்கம்ங்கிறதை வகுப்பு தொடங்கினதும் பாத்துக்கலாம்.” ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். போகும்போது கதவைத் தட்டி, மிஸ்ஸின் குரல் தேவைக்கு அதிகமாகத் தெளிவாக இருக்கிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

அதிலிருந்து மிஸ் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. உள்ளே பின்வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கரும்பலகைச் சுவரில் மோதித் திரும்பிய குரல் நேராகக் கதவு வழியாக வெளியே வந்து எங்கள் காதில் விழுந்தது. இடைவேளையில் பின்வரிசைக்காரர்கள் வந்து, “இன்னிக்கு மிஸ் என்ன சொன்னாங்க?” என்று எங்களைக் கேட்டார்கள். நாங்கள் தெரியாது என்றோம். ஊமை கண்ட கனா என்பார்களே, அதுதான் எங்கள் படிப்பு.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாடியில் இருந்த மீதிப் பாதி ஒவ்வொரு நாளும் என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. இந்தக் கறை இதனால் வந்தது, அந்த நாற்றம் அதனால் வந்தது என்று ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டே போனது. விளங்கியதும் முகம் மலர்ந்துவிடுகிறது. அதை அடக்கி முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். பூட்டு எனக்கு ஒரு வழி சொன்னான். “புரிஞ்சதும் வேற எதையாவது நினைச்சுக்கோங்கக்கா. நான் துருப்பிடிச்ச பூட்டை நினைச்சுப்பேன்.” நான் ஈர விரிப்புகளை நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் கணவர் பயிற்சி கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்பார்.

“காய்ச்சலுக்கு என்ன பண்ணணும்?”

“தெரியாது.”

“ரத்தம் என்ன கலர்?”

“தெரியாது.”

“ஏய், அது எல்லாருக்கும் தெரியும். அதைத் தெரியாதுன்னா சந்தேகம் வரும்.”

“சிவப்பு.”

“அவ்வளவு சட்டுனு சொல்லாத. கொஞ்சம் யோசி.”

நாளாக ஆகப் பயிற்சி தேவைப்படவில்லை. வகுப்புக்காக ஆஸ்பத்திரியில் மாற்றி வாங்கியிருந்த இரவு ஷிப்டில் மேற்பார்வையாளர் “இந்த மூட்டை எந்த வார்டு?” என்று கேட்டார், தெரியாது என்றேன். மூட்டையின் மேலேயே எழுதியிருந்தது. பஸ்ஸில் யாரோ மணி கேட்டார்கள், கையில் கடிகாரத்தோடு தெரியாது என்றேன். கணவர் ஒரு நாள் “உடம்பு ஏதாவது பண்ணுதா உனக்கு?” என்று கேட்டதற்கும் அதையே சொன்னேன். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது என்னைக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது பரிசோதனை சீக்கிரம் முடிந்தது. நாங்கள் தேறிவிட்டிருந்தோம். நடுவில் பூட்டு மட்டும் தன்னையறியாமல் தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“கையை எங்க வெச்சிருக்கீங்க?” என்றார் பரிசோதகர்.

“அரிக்குது சார்.”

“சொறிஞ்சுக்கோங்க.”

அவன் சொறிந்தான். பரிசோதகர் போன பிறகும் பயத்தில் சொறிந்துகொண்டே இருந்தான்.

மூன்றாவதுதான் கடைசி. அது நல்லபடியாக முடிந்தால் கையெழுத்து. அன்றைக்கு வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளிருந்து யாரும் விடை சொல்லிக் கொடுத்து எங்களைக் கெடுத்துவிடக் கூடாது என்று விதி. பரிசோதகர் நாற்காலி போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். கட்டுக் கட்டாகக் கார்டுகள். ஒவ்வொரு கார்டையும் மூன்று பேரிடமும் கேட்டார், மூன்று தெரியாதுகளையும் எழுதிக்கொண்டார். மதியம் தாண்டியது. கேன்டீன்காரர் வந்து, “சார், சாப்பிட வர்றீங்களா?” என்று கேட்டார்.

“முடியாதுப்பா. நடுவுல எழுந்தா முதல் கார்டுல இருந்து ஆரம்பிக்கணும். சர்க்கரை மாத்திரையை அதோட நேரத்துக்குப் போட்டுட்டேன். சாப்பாட்டுக்குத்தான் இன்னும் நேரம் வரல” என்றார்.

கேன்டீன்காரர் போய்விட்டார். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைக் காலர் நனைந்தது. கார்டு பிடித்திருந்த கை ஆடியது. அடுத்த கார்டை எடுத்துப் படித்தார்.

“சர்க்கரை நோயாளி ஒருவருக்குத் திடீரென்று வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம். என்ன ஆகியிருக்கும்? என்ன செய்ய வேண்டும்?”

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கார்டின் மேல் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு ரொட்டியைப் பார்த்தார்.

“தெரியாது சார்.”

“தெரியாதுன்னா?” என்று கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை. “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!”

“யோசிச்சும் தெரியல சார்” என்றாள் ரொட்டி. அவள் உதடு வெளுத்திருந்தது.

அவர் எழுதிக்கொண்டார். எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போனது. பூட்டு பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, “தெரியாது சார்” என்றான். என் முறை. அவர் என்னைக் கேட்டார். கேட்டதை மறந்துவிட்டு இன்னொரு முறை கேட்டார். நாக்கு குழறியது.

நான் “தெரியாது சார்” என்றேன். அதுவரை நான் சொன்ன தெரியாதுகளிலேயே சுத்தமான தெரியாது அதுதான். சொல்லிவிட்டு எழுந்து ஓடினேன்.

“எத்தனை டீ?” என்றார் கேன்டீன்காரர்.

“டீ வேண்டாம். சர்க்கரை. தண்ணியில நிறையப் போட்டுக் கலக்குங்க, சீக்கிரம்.”

திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். ரொட்டியும் பூட்டும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். நான் செய்வதைப் பார்த்தால் கற்றுக்கொண்டதாகிவிடும். தோளைப் பிடித்து நிமிர்த்தி, “சார், முழுங்க முடியுதா?” என்று கேட்டேன். தலையாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். முழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். அதையெல்லாம் ஈர விரிப்புகளுக்கு நடுவில் எங்கோ நான் மடித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக வந்தது.

மெல்ல அவர் முகத்துக்கு நிறம் திரும்பியது. சாப்பாட்டுப் பையைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு கேட்டார்:

“எனக்கு என்ன ஆச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரிடமிருந்து பூட்டு சொன்னான்: “தாகமா இருந்திருக்கும் சார். அக்கா தண்ணி கொடுத்தாங்க.”

“தாகமா?” பரிசோதகர் யோசித்தார். “ஆமா, தாகமாத்தான் இருந்திருக்கணும். இப்பல்லாம் அடிக்கடி வருது. போன வாரம் பஸ்லயே வந்துச்சு. வீட்டுல தனியா இருக்கேன், பகல்ல சாப்பிட மறந்துடுறேன். இனிமே இப்படி வந்தா தண்ணி குடிச்சுக்கிறேன்.” கீழே கிடந்த கார்டை எடுத்துத் தூசி தட்டினார். “சரி, இந்தக் கேள்விக்கு மூணு பேரும் தெரியாது சொல்லியாச்சு. இன்னும் ரெண்டு கார்டுதான். நல்லாப் பண்றீங்க.”

அதோடு முடிந்திருக்கும். ரொட்டி திரும்பி என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கும் வேண்டாம் என்றுதான் இருந்தது. இரண்டே இரண்டு கார்டு. ஆனால் அடுத்த முறை இந்த மனுஷன் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, தாகம் தீரட்டும் என்று தன் வீட்டில் தனியாகப் படுத்துக்கொள்வார்.

“தாகம் இல்ல சார்” என்றேன். “சர்க்கரை இறங்கிடுச்சு. மாத்திரை போட்டுட்டு நீங்க சாப்பிடல. மாத்திரை அதோட வேலையைப் பார்த்துடும், உங்க கார்டு முடியட்டும்னு காத்திருக்காது. வேர்வை, நடுக்கம், கோபம், நாக்குக் குழறல், இதுல எது வந்தாலும் உடனே இனிப்பா எதையாவது குடிங்க. அப்புறம் சாப்பிடுங்க. பையில எப்பவும் நாலு மிட்டாய் வெச்சுக்கோங்க. அடிக்கடி வருதுன்னா டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திரை அளவை மாத்தணும். தனியா இருக்கவர், பக்கத்து வீட்டுலயும் சொல்லி வைங்க.”

ஒரே மூச்சில் வந்தது. தெரிந்ததைத் தெரிந்ததாக வாய்விட்டுச் சொல்லி எத்தனை மாதமாகிறது! சொல்லச் சொல்ல எனக்கே இனித்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடுவதுபோல, வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பரிசோதகர் கவனமாகக் கேட்டார். மிட்டாய் விஷயத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“என் சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லம்மா. நீங்க இல்லைன்னா இந்நேரம் நான் இருந்திருப்பேனோ என்னவோ. அந்த நன்றி எனக்கு உயிர் இருக்கிறவரைக்கும் இருக்கும்.” எழுதியதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘வகுப்பு முழுமையாகத் தொடங்கிவிட்டது.’ “முழுமையாகங்கிற வார்த்தை எங்க படிவத்துல கிடையாது. உங்களுக்கு மரியாதையா நானே சேர்த்தேன்.”

“எழுதாம விடக் கூடாதா சார்?”

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “எழுதாம விட்டா உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடுமேம்மா. ஒண்ணும் தெரியாதவங்க சொன்னதைக் கேட்டு நான் எப்படி மாத்திரை அளவை மாத்துறது? என் உயிராச்சே.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. இந்த முறை பஸ் ஏறிய பிறகும் எங்கேயும் இடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“அடுத்த வருஷம் முன்னாடியே வந்துடுங்க” என்றும் சொல்லியிருந்தார்.

“அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும் சார்.”

“அடடா” என்றார். “வயசு வேற பிரிவு.”

வீட்டில் கணவரிடம் சொன்னேன். கையில் இருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “தவளை தன் வாயால கெடும்பாங்க” என்றார். அப்புறம், “நான் உன்னைச் சொல்லல” என்றார். வேறு யாரைச் சொன்னார் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் மறுநாள் பழைய ஷிப்டுக்கே போய்விட்டேன்.

சில வாரம் கழித்து உதவித்தொகை வழங்கும் விழாவுக்கு அழைப்பு வந்தது. எனக்கும் வந்திருந்தது. பரிசோதகர் பரிந்துரைத்திருக்கிறார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அலுவலகத்தின் இயக்குநர் பேசினார்.

“பணம் யார் வேணாலும் கொடுக்கலாம். அதுல என்ன பெரிய விஷயம் இருக்கு? சரியான நேரத்துல கொடுக்காம இருக்கிறது, அதுதான் நிர்வாகம். போன வருஷம் நமக்கு ஒதுக்கின தொகையில முக்கால்வாசியை ஒரு பைசா சிந்தாம அப்படியே திருப்பி அனுப்பினோம். இந்த வருஷம் அதைவிட அதிகமா அனுப்புவோம்னு உறுதி சொல்றேன்.” கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தார். “நம்ம பிள்ளைங்க ஏழைங்கதான். ஆனா காத்திருக்கிறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் திறமையை நாங்கதான் வளர்த்தோம்.”

முதலில் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். சமயத்தில் அறிவைப் பயன்படுத்தி ஓர் அரசு ஊழியரின் உயிரைக் காத்ததற்குப் பாராட்டுப் பத்திரம். இயக்குநர் என் தோளைத் தட்டி, ஒலிபெருக்கியிலேயே சொன்னார்: “இப்படிப்பட்டவங்கதான் நர்சா வரணும். கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க.” அரங்கம் முழுக்கச் சிரித்தது. என் வாய் தானாகச் சிரித்தது.

பிறகு ரொட்டிக்கும் பூட்டுக்கும் உதவித்தொகை. கதவு அளவு அட்டையில் காசோலை மாதிரி வரைந்து கொடுத்தார்கள். அது படம் எடுப்பதற்கு. நிஜப் பணம், இன்னொரு முறை சரிபார்த்த பிறகு அனுப்பப்படும் என்று அறிவித்தார்கள். பரிசோதகர் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பின்வாசல் வழியாக இறங்கினேன். படியில் பூட்டு வந்து வழியை மறித்தான். அட்டைக் காசோலை அவனை முழுசாக மறைத்திருந்தது. கீழே செருப்பு மட்டும் தெரிந்தது.

“அக்கா.”

“சொல்லுப்பா.”

“எனக்கும் தெரியும்கா. அவரு அந்தக் கார்டைப் படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். சர்க்கரைதான்னு. ரொட்டிக்கும் தெரியும். ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துட்டு நின்னோம்கா…” அட்டைக்குப் பின்னால் குரல் உடைந்தது. “எல்லாமே தெரியும்கா எனக்கு. முதல் நாள்ல இருந்து மிஸ் சொன்ன ஒவ்வொண்ணும்…”

மேலே பரிசோதகரின் தொண்டைக் கனைப்பு கேட்டது. நான் அட்டையைப் பிடித்து அவனைச் சுவரோரமாக நகர்த்தினேன்.

“மெல்லப் பேசு” என்றேன். “காசு இன்னும் கைக்கு வரல.”